பல் இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன் தாடையில் எலும்பு வைக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா? ரொம்ப வலிக்குமா?

கேள்வி கேட்டவர் மேல்தாடையில் கடைவாய்ப்பல் எடுத்து 5 வருடம் ஆனவர். இம்ப்ளாண்ட் (பல் வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் இறக்கும் டைட்டானியத் திருகு) வைக்கலாம் என்று போனால், "எலும்பு போதாது, முதலில் போன் கிராஃப்ட் செய்யணும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலிக்குமா என்று கேட்டிருக்கிறார். கூடவே, இது காசு பிடுங்கும் வேலையோ என்ற சந்தேகத்தையும் எழுதியிருக்கிறார்.

அதே பல், அதே 5 வருடம், அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் கட்டட சூப்பர்வைசர், வயது 56, சர்க்கரை 11 வருடமாக உண்டு.

2017இல் மேல் வலது பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை ஆரம்பித்தேன். இரண்டு சிட்டிங்கில் வலி நின்றது. வலி நின்ற பிறகு எவன் பல் டாக்டரிடம் போகிறான்? மூன்றாவது சிட்டிங் அன்று சைட்டில் ரூஃப் காங்கிரீட். அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ ஒன்று. தற்காலிக அடைப்போடு 4 மாதம் ஓட்டினேன். கேப் போடாத பல், ஒரு நாள் வறுத்த கடலை கடித்தபோது நடுவில் பிளந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் 10 நிமிடத்தில் எடுத்துப் போட்டார்கள். "பின்னாடி பல்தானே சார், சிரிச்சா தெரியாது" என்றார் அந்த டாக்டர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பல் போன இடத்தில் எலும்பும் போகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2022இல் அந்த இடைவெளிக்குள் கீழ்ப்பல் மெல்ல மேலே எழும்பி வர ஆரம்பித்தது. சாப்பாடு முழுக்க இடது பக்கமே அரைத்து அந்தப் பக்கமும் கூச்சம் எடுத்தது. சரி, இம்ப்ளாண்ட் போட்டுவிடலாம் என்று வேறொரு டாக்டரிடம் போனேன். முதலில் ஓபிஜி, அதாவது இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே எடுத்தார், அப்புறம் கோன் பீம் சிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும் என்றார். படத்தைத் திரையில் போட்டு அவர் காட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஈறுக்கு மேலே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேலே கறுப்பாக ஒரு குகை. அந்தக் கோடுதான் என் எலும்பு, 3 மில்லிமீட்டர். குகை என்பது சைனஸ், கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை. வைக்கப் போகும் இம்ப்ளாண்ட்டின் நீளம் 10 மில்லிமீட்டர். மீதி 7 மில்லிமீட்டர் காற்றில் நிற்குமா?

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைக்கால் இல்லாத இடத்தில் தூண் எழுப்பச் சொன்னால் நானே சைட்டை விட்டு இறங்கிவிடுவேன்.

எலும்பு எங்கே போனது என்பதையும் அவரே சொன்னார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு பல்லுக்காகவே இருக்கிற எலும்பு. மெல்லும்போது பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்கள் வழியாக அதற்கு அழுத்தம் போய்க்கொண்டே இருக்கும். அந்த வேலை இருக்கும் வரை உடம்பு அதைப் பராமரிக்கும். பல் போய்விட்டால், வேலை இல்லாத எலும்பை உடம்பு கரைத்துக்கொள்கிறது. கன்னத்துப் பக்கச் சுவர் மிக மெல்லியது என்பதால் அது முதலில் போகும். ஒரு வருடத்துக்குள் தாடை மேட்டின் அகலம் பாதி வரை குறையலாம், அதில் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறது. மேல்தாடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கீழிருந்து எலும்பு தேயும்போது மேலிருந்து சைனஸும் இறங்கி இடம் பிடிக்கும். நான் 5 வருடம் கழித்துப் போனேன். 3 மில்லிமீட்டர் மிஞ்சியதே அதிர்ஷ்டம்.

இங்கே என் மனைவியின் கதையைச் சொல்ல வேண்டும். என் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே அவளுக்குக் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் வேர் வரை விரிசல் விட்டுவிட்டது. அதே டாக்டர்தான் எடுத்தார். பல்லை அப்படியே ஆட்டிப் பிடுங்காமல், வேர்களைத் தனித்தனியாக வெட்டி, சுற்றுச்சுவர் உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்தார். குழியைச் சுத்தம் செய்து எலும்புத் தூளை நிரப்பி, மேலே ஒரு சவ்வை வைத்துத் தையல் போட்டு அனுப்பிவிட்டார். 4 மாதம் கழித்து இம்ப்ளாண்ட் நேராக இறங்கியது. எலும்பு வைப்பதற்கென்று தனியாக இன்னொரு அறுவை எதுவும் இல்லை. இப்படிச் செய்தாலும் எலும்பு கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனால் ரொம்பக் குறைவாக. கடுமையாகச் சீழ் பிடித்த குழியில் அன்றே வைக்க மாட்டார்களாம், ஆறவிட்டுத்தான் செய்வார்களாம். எப்படியோ, அவளுக்கு அன்று கூடுதலாக ஆனது 7,000 ரூபாய். எனக்கு ஆனதைக் கீழே சொல்கிறேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இனிமேல்தான் பல் எடுக்கப் போகிறார்கள் என்றால், எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "குழியில் எலும்பு வைக்கலாமா டாக்டர்?" வைக்கிறீர்களோ இல்லையோ, கேட்டுவிடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை டெஸ்ட் எடுத்துவரச் சொன்னார். 8.4 இருந்தது. "7க்குப் பக்கத்தில் கொண்டுவாங்க, அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, கிருமி தொற்றும், வைத்த எலும்பு ஒட்டாமல் போகும். 3 மாதம் நடந்தேன், சைட்டில் 11 மணி டீயில் சர்க்கரையை விட்டேன், 7.1க்கு வந்தது. காசு பிடுங்க நினைப்பவர் இப்படித் திருப்பி அனுப்புவாரா என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை பிறந்தது.

அடுத்தது, எதை வைப்பது என்ற பேச்சு. இதில்தான் வீட்டில் ரகளை. எலும்பு நான்கு வழியில் கிடைக்கிறது. நம் உடம்பிலிருந்தே எடுக்கலாம்: முகவாய், கீழ்த்தாடையின் பின்பகுதி, பெரிய அளவில் வேண்டுமானால் இடுப்பு. இறந்தவர்கள் தானம் தந்த எலும்பைப் பதப்படுத்தியும் வைக்கிறார்கள். மூன்றாவது மாட்டெலும்பு, அதிலுள்ள புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தாதுப்பொருளை மட்டும் குருணையாக்கியது. சுவிட்சர்லாந்தில் தயாராகும் பயோ-ஆஸ் இந்த வகைதான், பல் மருத்துவர்களிடம் ரொம்பப் பிரபலம். நான்காவது முழுக்கச் செயற்கை, கால்சியம் பாஸ்பேட் வகைகள்.

எந்தக் குருணையை வைத்தாலும் அதுவே எலும்பாக மாறிவிடுவதில்லை என்பதை டாக்டர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. நம்முடைய எலும்புச் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து புது எலும்பை வளர்க்கின்றன. மாட்டெலும்புக் குருணை மெதுவாகத்தான் கரையும், அதனால் இடம் சுருங்காமல் பிடித்து வைக்கும். எனக்கு அதுவே நல்லது என்றார். எனக்கு ஆட்சேபணை இல்லை. என் அக்கா வள்ளலார் வழி. தைப்பூசத்துக்கு வடலூர் போகாமல் இருந்ததில்லை. விஷயம் தெரிந்து போனில், "டேய், மாட்டை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு என் வீட்டுப் பக்கம் வராதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டில்லை. சைவக்காரர்கள் இதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எலும்புக்கு மேலே போர்த்தும் கொலாஜன் சவ்வும் மாடு அல்லது பன்றியிலிருந்து வருவதுதான் வழக்கம். முஸ்லிம் நண்பர்களும் இதைக் கேட்கலாம். செயற்கையில் மாற்று இருக்கிறது, சொன்னால் வரவழைப்பார்கள்.

சைனஸின் அடிப்பக்கச் சவ்வை மேலே தூக்கி, அதற்குக் கீழே எலும்புத் தூளை நிரப்பும் இந்த வேலைக்கு சைனஸ் லிஃப்ட் என்று பெயர். 1970களில் ஹில்ட் டேட்டம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தொடங்கிவைத்தது. 1980இல் பாயின், ஜேம்ஸ் என்ற இருவர் இதைப் பற்றி முதல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் இடுப்பெலும்பை எடுத்துத்தான் நிரப்பியிருக்கிறார்கள். பல்லுக்காக இடுப்பை வெட்டிக்கொண்டவர்களை நினைத்தால் நம் பாடு பரவாயில்லை.

சிகிச்சை நாள். காலையில் நன்றாகச் சாப்பிட்டு வரச் சொன்னார்கள். மாத்திரை போட்டேன். முதலில் கையிலிருந்து நான்கு குழாய் ரத்தம் எடுத்து ஒரு சின்ன இயந்திரத்தில் சுற்றினார்கள். அதிலிருந்து மஞ்சளாக, கோழிக் கொழுப்பு மாதிரி வழவழவென்று ஒரு கட்டி வந்தது. பிஆர்எஃப் என்று பெயர். புண் சீக்கிரம் ஆற உதவும் என்று எலும்புத் தூளோடு கலந்தார்கள். அப்புறம் மரப்பு ஊசி. கன்னத்துப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, அண்ணத்தில் போட்ட ஊசிக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. உண்மையைச் சொன்னால் அன்று முழுவதிலும் வலி என்று சொல்லத்தக்கது அந்த 5 விநாடிதான்.

ஈறைக் கீறி ஒதுக்கிவிட்டு, கன்னத்துப் பக்க எலும்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் சைனஸின் உள்சவ்வு. முட்டையை உடைக்கும்போது ஓட்டுக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு தோல் வருமே, அந்த மாதிரி. அதைக் கிழிக்காமல் மெல்ல மேலே தள்ளி, கீழே கிடைக்கும் இடத்தில் தூளை நிரப்ப வேண்டும். பழகுவதற்கு டாக்டர்கள் முட்டையிலேயே பயிற்சி எடுப்பார்களாம். எனக்குச் சவ்வில் சின்னதாக ஒரு கிழிசல் விழுந்தது. இந்த வேலையில் அடிக்கடி நடப்பதுதான் என்று மறைக்காமல் அங்கேயே சொல்லி, கொலாஜன் துண்டு ஒன்றை வைத்து அடைத்துவிட்டுத் தொடர்ந்தார். கிழிசல் பெரிதாக இருந்தால் மூடி அனுப்பிவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டியிருக்குமாம்.

தூள் ஒரு குட்டிக் குப்பியில் இருந்தது. பார்த்தால் ரவைதான். ஒரு தேக்கரண்டி ரவைக்கு இவ்வளவு விலையா என்று வாயைத் திறந்து வைத்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. எல்லாம் முடிய ஒன்றேகால் மணி நேரம்.

வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று இரவு ஒரு மாத்திரையில் தூங்கிவிட்டேன். வீக்கம்தான் ஆளை மிரட்டியது. மூன்றாம் நாள் கன்னம் பன் மாதிரி உப்பி, கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சைட்டில் எவனோ அடித்துவிட்டான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் வடிந்தது. இரண்டு முறை மூக்கிலிருந்து சில சொட்டு ரத்தம் வந்தது. அது வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஈறு ஓரத்தில் இரண்டு மூன்று குருணை நாக்கில் தட்டியது. பதறிப்போய் போன் செய்தேன், ஒன்றிரண்டு உதிர்வது சகஜம் என்றார்கள்.

உண்மையான கஷ்டம் தும்மல். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இல்லாவிட்டால் அந்த அழுத்தத்தில் வைத்த தூள் நகர்ந்துவிடும். 30 வருடமாக சிமெண்ட் தூசியில் நிற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம். 10 நாள் சைட்டுக்கே போகவில்லை. உறிஞ்சுவதும் கூடாது என்பதால் இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். ஆறின ரசம் சாதம், கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி. இரண்டு தலையணை வைத்துத் தலையைத் தூக்கிப் படுத்தேன். 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள்.

அதற்கப்புறம் 7 மாதம் காத்திருப்பு. காங்கிரீட் பலம் பிடிக்க 28 நாள் என்றால் இதற்கு 7 மாதம். எலும்பு 4, 5 மில்லிமீட்டராவது மிஞ்சியிருந்தால் தூளும் இம்ப்ளாண்ட்டும் ஒரே நாளில் வைத்துவிடலாமாம். எனக்கு 3 என்பதால் இரண்டு கட்டம். இந்த மாதங்களில் வெளியே ஒன்றும் தெரியாது, வலிக்காது, வளர்கிறதா என்றும் தெரியாது. ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றுவதெல்லாம் இந்தச் சமயத்தில்தான். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது அந்த வெள்ளைக் கோடு 11 மில்லிமீட்டர் மேடாக நின்றது. பக்கத்தில் பழைய படத்தையும் வைத்துக் காட்டினார். என் வாழ்நாளில் ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

எலும்பு வைத்ததோடு ஒப்பிட்டால் இம்ப்ளாண்ட் வைப்பது ஒன்றுமே இல்லை. அரை மணி நேரம், மறுநாள் சைட்டுக்குப் போய்விட்டேன். டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதே தற்செயலாகத் தெரியவந்த விஷயம். 1950களில் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயலின் காலெலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்போடு எலும்பாகிவிட்டது. 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். அந்த ஆள் அதற்கப்புறம் 40 வருடம் அந்தப் பல்லோடு வாழ்ந்திருக்கிறார். எனக்கு ஒட்ட 4 மாதம் கொடுத்து, அதன்பின் அளவெடுத்துக் கேப் போட்டார்கள். சர்க்கரை குறைத்த 3 மாதத்தையும் சேர்த்தால் கணக்கு ஒன்றேகால் வருடத்தைத் தாண்டிவிட்டது. மூன்று மாதத்தில் மகள் கல்யாணம், அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

செலவு: எலும்பு வைக்க 32,000, இம்ப்ளாண்ட்டும் கேப்பும் 38,000, ஸ்கேன்கள் 5,000. நான் கொடுத்த தொகை இது, ஊருக்கு ஊர் மாறும். மருத்துவக் காப்பீட்டில் விபத்து இல்லாத பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு, நேரம் கூடுதலாக ஆகும்.

உங்கள் டாக்டர் சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு வழி: எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எத்தனை வேண்டும் என்று ஸ்கேனிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். உயரம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்ப்ளாண்ட்டுக்கு இரண்டு பக்கமும் எலும்பு சூழ 6, 7 மில்லிமீட்டர் அகலம் கேட்பார்கள். வெறும் ஓபிஜி படத்தில் அகலம் தெரியாது. அதை மட்டும் பார்த்துவிட்டு எலும்பு வைக்க வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும் நான் இன்னொருவரிடம் கேட்பேன். வைத்த பொருளின் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் பெட்டியோடு வரும், அதை வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு டாக்டர் அதைத்தான் கேட்பார்.

எலும்பு வைக்காமலே முடிப்பதற்கும் வழிகள் உண்டு. 6 மில்லிமீட்டர் அளவில் குட்டை இம்ப்ளாண்ட்கள் இருக்கின்றன, 3 மில்லிமீட்டரில் அதுவும் நடக்காது. பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் போடலாம், ஆனால் இரண்டு பக்கத்து நல்ல பல்லையும் ராவ வேண்டும். கழற்றி மாட்டும் பல் செட் இருக்கிறது, செலவு குறைவு. என் அப்பா கடைசி வரை அதில்தான் சீடை கடித்தார். புகை, புகையிலை விட முடியாதவர்கள் கிராஃப்டில் காசு போடுவதைப் பற்றி நன்றாக யோசிக்க வேண்டும், ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஆசிட், அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் தாடையெலும்பு அழுகும் ஆபத்து இருக்கிறது, பல் எடுப்பதையே யோசித்துத்தான் செய்வார்கள்.

கேப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடலை அந்தப் பக்கமே மெல்லுகிறேன். போன வாரம் அக்கா போன் செய்தார். மேல் கடைவாயில் ஒரு பல் ஆடுகிறதாம், எடுக்கத்தான் வேண்டுமாம். இந்த முறை அவரே கேட்டார், "எடுக்குற அன்னைக்கே அந்தத் தூளை வெச்சிரலாமாமே?" என்று. திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன். செயற்கைத் தூள் வரவழைத்து வைக்கச் சொல்லி டாக்டருக்கு நேற்றே சொல்லிவிட்டேன்.